மரக்கால் கூட்டத்தின் ஐந்தாவது ஆள்

கரமனை, திருவனந்தபுரம்
3.6.2024

மாகாளி அண்ணாச்சிக்கு,

ரத்னாபாய் எழுதுகிறேன். சாலை பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த வேலாயுதனின் மகள் என்று சேர்த்து எழுத வேண்டுமா என்று யோசித்தேன். பதினோரு வருடத்தில் அந்த அளவுக்கு மறந்திருக்க மாட்டீர்கள் என்று விட்டுவிட்டேன்.

வித்துராவில் நீங்கள் ஜீப்புகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு விலாசம் வாங்கினேன். போன் நம்பரும் கிடைத்தது. ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். நான் ஒன்று சொல்வேன், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். நான் எழுதி நீங்கள் வரைந்த நம்முடைய மரக்கால் கூட்டம் படக்கதையைக் கார்ட்டூன் தொடராக எடுக்கக் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி வந்திருக்கிறது. டி.வி.க்கு இல்லை, மொபைலில் பார்ப்பதற்கு. டைரக்டர் அஞ்சு என்று ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. சின்ன வயதில் மலையாள வார இதழில் நம் கதையைப் படித்து வளர்ந்தவளாம். "சேச்சீ, ஞான் ஆ கூட்டத்தின்றெ ஃபேனாணு" என்று ஆரம்பித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காப்பி எல்லாம் குடித்து முடித்த பிறகுதான், "அல்ல சேச்சீ, ஈ படி எந்தா?" என்று கேட்டாள்.

உட்கார்ந்து விளக்கினேன். மரக்கால், படி, உரி, உழக்கு, ஆழாக்கு. பெரியதிலிருந்து சிறியது வரை, அரிசி அளக்கிற ஐந்து பாத்திரங்கள். அந்த ஐந்து பெயரில் ஐந்து திருடர்கள். ஆளுக்கொரு பாத்திரத்தைத் தலைக்கவசமாகப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் எதை அளக்கிறார்களோ அது அவர்களுடையதாகிவிடும். சாயங்கால வெயிலை ஆறு மரக்கால் அளந்து திருடியது, சங்குமுகத்துக் கடற்காற்றை மூட்டை கட்டியது, பள்ளிக்கூடங்களின் கோடை லீவை உரி உரியாக அளந்து கொண்டுபோனது, எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு கதையிலும் கடைக்குட்டி ஆழாக்கு மட்டும் ஒரு சிட்டிகையைத் தன் பாத்திரத்தில் மிச்சம் வைத்துவிடுவாள். அந்தச் சிட்டிகையிலிருந்துதான் ஊர் தன் பொருளைத் திரும்ப மீட்கும்.

"ஏன் மிச்சம் வைக்கிறாள்?" என்று கேட்டாள். அப்பா கடையில் படியை ஒருநாளும் காலியாக வைக்க மாட்டார்கள், அடியில் நாலு அரிசியாவது கிடக்க வேண்டும், அதிலிருந்து வந்தது என்றேன். குறித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. கூட்டத்தில் நாலு பேர் போதுமாம். ஐந்தாவது ஆள் கெட்டவளாகவும் இல்லை, நல்லவளாகவும் இல்லை, அவளுக்கு வேலையே இல்லை, ஆகவே ஆழாக்கு வேண்டாம்.

அண்ணாச்சி, ஆழாக்கு போனால் அந்தக் கதையில் அப்பாவின் சாயல் ஒன்றுமே மிஞ்சாது. அவர் கடையும் இல்லை, அவரும் இல்லை. இதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போனில் அஞ்சுவோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அவள், "முதலில் வரைந்த ஆளே ஆழாக்கைப் புதிதாக வரைந்து, அவளில்லாமல் முடியாது என்று என்னை நம்ப வைக்கட்டும். ஜூலை கடைசி வரை காத்திருக்கிறேன்" என்றாள்.

சம்மதப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து வேண்டும். படமும் வேண்டும்.

இப்படிக்கு,
ரத்னாபாய்

*

வித்துரா
12.6.2024

ரத்னாவுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் பேச்சி போட்டிருக்கிறாள். படம் கிடையாது.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். பேச்சி பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்தப் புள்ள மூணு பக்கம் எழுதியிருக்கு, நீங்க மூணு வரியில முடிக்கியளாக்கும்" என்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் உன் கட்சி. அதனால் எழுதுகிறேன்.

ஆழாக்கை விடமாட்டேன் என்று இப்போது சண்டை போடுகிறாய். 2006-இல் மலையாள வார இதழில் வந்தபோது எங்கே போயிருந்தாய்? மரக்காலைப் பறை ஆக்கினார்கள், படியை இடங்கழி ஆக்கினார்கள். சரி, இந்த ஊர் அளவு அது, எனக்கு வருத்தம் இல்லை. ஆழாக்கை வாராவாரம் எல்லாரிடமும் குட்டு வாங்குகிற கோமாளி ஆக்கினார்கள். "மலையாளத்துல வந்ததே பெரிசு அண்ணாச்சி" என்றாய். பிறகு டி.வி.யில் பொம்மைகளை வைத்து எடுத்தார்கள். தலைக்கவசமெல்லாம் பிளாஸ்டிக் வாளி. ஆழாக்கைக் கிளி ஆக்கிவிட்டார்கள். கிளி, ரத்னா! மரக்காலின் தோளில் உட்கார்ந்துகொண்டு "ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகை" என்று கத்தியது. அன்றைக்கும் நீ சிரித்துக்கொண்டுதான் பார்த்தாய். எழுந்துபோய் டி.வி.யை அணைத்தது நான்.

நான் வரைவதை விட்டதற்கு அதெல்லாம் காரணம் இல்லை. காரணம் உனக்கே தெரியும். உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். பந்தியில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். நீ வந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னாய்: "நீங்க படியக் கமத்தி வரஞ்சீங்க. எங்க கடை கமந்து போச்சு."

தலைக்கவசம் என்றால் கவிழ்த்துத்தானே போட முடியும்? தமிழ்ப் பத்திரிகையில் நம் படக்கதை முதன்முதலில் வந்த அன்றைக்கே உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "லேய் மாகாளி, படியக் கமத்தலாமாடே? யாவாரம் கமந்துபோவுமே" என்றார். மாற்றிவிடுகிறேன் என்று நான் சொன்னேன். வேண்டாம், தொப்பிதான் அழகு என்று சொன்னது யார்? நான் இல்லை.

என் படத்தின் மேல் அவருக்கு எவ்வளவு கோபம் என்பது, பந்தியில் நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். பொங்கல் மலருக்காக வரைந்த பெரிய போஸ்டரைப் பலகையில் ஒட்டி அவருக்குக் கொடுத்தேன் அல்லவா? கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பதினாறாம் நாளில் இதையும் உன்னிடம் சொன்னேன். பொய் என்றாய்.

சுகமாக இரு. வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

மாகாளி

*

கரமனை
20.6.2024

அண்ணாச்சிக்கு,

கையெழுத்துக்கு நன்றி. பேச்சி மதினிக்குத் தனியாக இரண்டு நன்றி.

பொய் என்று சொன்னேன், உண்மைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பாவுக்கு ஒரு ஆளை அவமானப்படுத்தத் தெரியாது. அளவு குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவனைக்கூட உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிற மனுஷன். அவர் உங்கள் படத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டார் என்றால், பார்த்த கண்ணில்தான் ஏதோ கோளாறு.

தொப்பி அழகு என்று சொன்னது நான்தான். மறக்கவில்லை. அதை நீங்கள் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து இப்போது எடுத்து நீட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

~~~~~~~~~~~~~~~~~~~~~
~~~~~~~~~~~~~~~~~~~~~

மேலே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டாம்.

கொச்சியிலிருந்து அஞ்சு நேற்று வந்திருந்தாள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட லைப்ரரியில் என் மேஜை மேல் லேப்டாப்பை வைத்துப் புதுக் கூட்டத்தைக் காட்டினாள். நாலு பேர். தலையில் காப்பி கப்பு. சின்னது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது. மிகப் பெரியதுக்கு ஸ்ட்ரா வேறு குத்தியிருந்தார்கள். நம் மரக்காலுக்கு, அந்த மீசைக்கு, ஸ்ட்ரா! "குட்டிகள்க்குப் படி அறியில்லல்லோ சேச்சீ. கப்பு எல்லார்க்கும் அறியாம்" என்றாள். குழந்தைகளுக்குப் படி தெரியாதாம், கப்பு தெரியுமாம். கப்பில் மிச்சம் வைத்தால் ஈதான் மொய்க்கும் என்றேன். சிரித்தாள். நல்ல பெண்தான். கோபப்பட முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அப்பன் செத்துப் பதினாறு நாள் ஆனவள் பந்தி நடுவில் நின்று எதையோ உளறுகிறாள். அதற்காக நாற்பது வயதுகூட ஆகாத ஒரு ஆள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஊரை விட்டே போய்விடுவாரா? திட்டியிருக்கலாமே. உங்களுக்கு அந்த உரிமை இல்லையா? நான் அழுது ஓய்ந்து தேடியபோது நீங்கள் குடியிருந்த வீட்டில் பூட்டு தொங்கியது.

ஜூலை கடைசி வரைதான்.

ரத்னா

*

வித்துரா
2.7.2024

ரத்னாவுக்கு,

நீ அடித்திருந்த இரண்டு வரியைப் பேச்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டாள். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். பெண்கள் விஷயமாம்.

இங்கே மழை. பெயிண்ட் காயவில்லை, வேலை இல்லை. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

என் கண்ணில் கோளாறு இல்லை. 2004, ஆடி மாதம். கடை போர்டில் எழுத்து மங்கிவிட்டது என்று உன் அப்பா கூப்பிட்டார். ஏணி எடுக்கக் கிட்டங்கிக்குப் போனேன். உள்ளே இருட்டு, வாசலிலேயே நின்றேன். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் சுவரில் என் போஸ்டர். ஐந்து பேரும் காலை மேலே தூக்கிக்கொண்டு தொங்கினார்கள். தவறி மாட்டியது என்றால் தெரிந்திருக்கும். இரண்டு ஆணி அடித்து, கம்பி கட்டி, பலகை ஆடாமல் மாட்டியிருந்தது. நான் ஏணியை எடுக்காமல் திரும்பிவிட்டேன். மறுநாள் வேறு ஏணி கொண்டுவந்து வேலையை முடித்தேன். எப்போதும்போல டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கிட்டங்கிக்குள் நான் கால் வைக்கவில்லை.

பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்திருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம். தலைகீழாகத் தொங்கவிடுவது எதற்கு? அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று பேச்சி சொல்கிறாள். வள்ளியூரிலிருந்து மாற்றுத் துணிகூட இல்லாமல் வந்தவனுக்குப் போர்டு எழுத முதல் வேலை கொடுத்த மனுஷன் அவர். அவரிடம் போய் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று எந்த வாயால் கேட்பது?

நீ கோபத்தில் சொன்னாய் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். நீ சொன்னது மட்டும் என்றால் திட்டிவிட்டு அடுத்த வாரம் வந்திருப்பேன். ஆனால் நீ சொன்னதும் நான் பார்த்ததும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. என் கையால் ஒரு நல்ல குடும்பம் கெட்டது என்று மனதில் விழுந்துவிட்டது. பிறகு பென்சிலைத் தொட்டால் படிதான் வருகிறது. கவிழ்ந்தேதான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆழாக்கில் உன் அப்பாவின் சாயல் என்று எழுதியிருந்தாய். எழுதியது நீ, உனக்கு அப்படி இருக்கலாம். வரைந்தது நான். ஆழாக்கின் காதில் ஏன் எப்போதும் ஒரு பென்சில் இருக்கிறது என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? கடை முன்னால் அரிசி மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாய். யாராவது வந்தால் பென்சிலைக் காதில் செருகிவிட்டு அளந்து போடுவாய். உன் அப்பா உள்ளேயிருந்து, "ஏ பிள்ளே, தலை தட்டாத, கோபுரமா போடு" என்பார். நீ கோபுரமாக அளந்து, அதற்கு மேலும் ஒரு கை அள்ளிப் போடுவாய். அந்தப் பிள்ளையைத்தான் வரைந்தேன். கோமாளி ஆக்கியபோதும் கிளி ஆக்கியபோதும் நீ சிரித்தாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

உன் முதல் கடிதம் வந்த மறுநாள், ஒரு ஜீப்பின் பானெட்டில் பெயிண்டுக்கு முன் பட்டி பூசிவிட்டு, அது காய்வதற்குள் ஆணியால் ஆழாக்கை வரைந்து பார்த்தேன். முகம் வந்தது. பென்சிலும் வந்தது. பாத்திரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தேய்த்துவிட்டேன்.

என்னால் முடியாது, ரத்னா. அந்தப் பெண்ணிடம் அப்படியே சொல்லிவிடு.

மாகாளி

*

கரமனை
15.7.2024

அண்ணாச்சி,

இந்தக் கடிதத்தை ஒரு பலகையின் பின்புறம் ஒட்டி அனுப்புகிறேன். பலகையைப் பிரிப்பதற்கு முன் இதைப் படியுங்கள். தயவுசெய்து.

சாலையில் நம் கடை இருந்த கட்டடத்தை இடிக்கிறார்கள். கிட்டங்கியை அப்பாவுக்குப் பிறகு வெங்காய வியாபாரி யூசுப் பாய் எடுத்திருந்தார். சனிக்கிழமை அவர் போன் செய்தார். "ரத்னாம்மா, மூட்டையெல்லாம் எடுத்தாச்சு. பின்னாடி செவுத்துல உங்க அப்பா சாமான் ஒண்ணு கெடக்கு. நான் வந்த நாள்லேருந்து அதை மறைச்சு மூட்டை அடுக்குனேன், கை வைக்கல. வந்து எடுத்துக்கிடுங்க" என்றார்.

போனேன். ஓட்டைப் பிரித்திருந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. அந்தக் கிட்டங்கிக்குள் வெயிலை நான் முதல்முறையாக அன்றுதான் பார்க்கிறேன். சுவரில் உங்கள் போஸ்டர் தலைகீழாகத் தொங்கியது. இரண்டு ஆணி, கம்பி, ஆடாமல்.

நீங்கள் சொன்னது பொய் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பாவா இப்படிச் செய்தார் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யூசுப் பாய் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டு எழுந்து கிட்டப் போனேன். நீங்கள் போகாத தூரம் அது, அண்ணாச்சி. நீங்கள் வாசலோடு திரும்பிவிட்டீர்கள்.

ஐந்து பாத்திரங்களின் மேலும் ஏதோ கட்டியாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சந்தனம். காய்ந்து, அதன் மேல் பூசி, அதுவும் காய்ந்து, அதன் மேலும் பூசி, விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் கறுத்துப்போன குங்குமம்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். கடையிலிருக்கிற அளவுகளையெல்லாம் கழுவித் துடைத்து, வயிற்றில் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்து, ஆளுக்கொரு பிடி அரிசி போட்டு நிமிர்த்தி வைப்பார். அப்புறம்தான் வியாபாரம். அந்த வரிசையில் உங்கள் ஐந்தையும் சேர்த்திருக்கிறார். கண் தெரியாமல் போகிற வரைக்கும், கடை அடைக்கிற வரைக்கும், வெள்ளி தவறாமல் வைத்திருக்கிறார்.

போஸ்டரை நேராக மாட்டினால் ஐந்தும் கவிழ்ந்து இருக்கும். அது அவருக்கு ஆகாது. கழற்றவும் மனசு வரவில்லை, மாகாளி கொடுத்தது. அதனால் பலகையைத் திருப்பிவிட்டார். இப்போது ஐந்தும் நிமிர்ந்து நிற்கும். ஆட்கள் தலைகீழாக நின்றால் அவருக்கு என்ன? திருடர்கள்தானே. நிற்கட்டும் என்று விட்டிருப்பார். இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கு வரும் சொல்லுங்கள். நான் அங்கேயே நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டும். யூசுப் பாய் பயந்துபோனார்.

பலகையின் சட்டத்தில், பாத்திரங்களுக்கு நேர் கீழே, நாலைந்து அரிசி கறுத்துப்போய் ஒட்டியிருக்கின்றன. வரைந்த பாத்திரத்துக்குள் போட முடியாது அல்லவா? சட்டத்தின் மேல் வைத்திருக்கிறார்.

இனிமேல்தான் முக்கியம். எந்த முகத்தின் மேலும் சந்தனம் படவில்லை. ஆழாக்கின் காதிலிருக்கிற பென்சிலில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு இருக்கிறது. கை தவறிப் பட்டது இல்லை, பலமுறை வைத்தது. அப்பாவுக்கு அது யார் என்று தெரிந்திருக்கிறது. உங்கள் போன கடிதத்தைப் படித்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் என்னை வரைந்தீர்கள், அப்பா அதற்குப் பொட்டு வைத்தார், நான் மட்டும் இருபது வருடமாக ஒன்றும் தெரியாமல் கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணாச்சி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு. கடை போனது அப்பாவுக்குக் கண் போனதால். என்னால் வேலையை விட்டுவிட்டு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை, அதனாலும். அது எனக்கு அன்றைக்கும் தெரியும். யாரையாவது குற்றம் சொன்னால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது. சாம்பார் வாளியோடு நீங்கள் எதிரே நின்றீர்கள். சொந்தக்காரன் எவனும் அன்று வாளியைத் தூக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

படம் வேண்டாம். ஆழாக்கு போனால் போகட்டும். உங்களுக்கு இது வந்து சேர்ந்தால் போதும். நாளைக் காலை வித்துரா பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். சந்தனம் உதிராமல் என் பழைய புடவை இரண்டைச் சுற்றியிருக்கிறேன்.

ரத்னா

*

வித்துரா
22.7.2024

ரத்னா,

பலகை வந்தது. கண்டக்டர் கீழே இறக்கும்போது புடவை விலகிச் சந்தனத்தைப் பார்த்துவிட்டார். "இது ஏது சாமி?" என்று கேட்டார். "மரக்கால் சாமி" என்றாள் பேச்சி. அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

நான் ஒரு நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவில்லை. அழுதேன். எழுத வெட்கமில்லை. என் படத்தை அந்த மனுஷன் சாமி மாதிரி வைத்திருந்திருக்கிறார். நான் ஒன்பது வருடம் அவர் வாங்கிக் கொடுத்த டீயை மனக்கசப்போடு குடித்திருக்கிறேன். நாலு எட்டு உள்ளே போயிருந்தால் பார்த்திருப்பேன். நாலு எட்டுதான், ரத்னா. அவரிடம் இனி எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

ஒர்க்‌ஷாப் சுவரில், நுழைந்ததும் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். தலைகீழாகத்தான். வருகிற டிரைவர்கள் எல்லாம், "ஆசானே, படம் தலதிரிஞ்ஞு போயல்லோ" என்கிறார்கள். அப்படித்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லி வாயே வலிக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுச் சந்தனம் வைத்தேன். பழைய சந்தனத்தின் மேலேயே வைத்தேன். பென்சிலுக்கும் ஒரு பொட்டு.

பிறகு பேச்சி ஒரு பென்சிலையும் காகிதத்தையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சாயங்காலம் வரை வரைந்தேன். இத்துடன் இருக்கிறது.

கூட்டம் இப்போது உத்தரத்தில் காலை மாட்டி வவ்வால் மாதிரி தொங்குகிறது. மரக்கால், படி, உரி, உழக்கு, நாலு பேரும். பாத்திரங்கள் எல்லாம் வாய் மேலே பார்த்து நிமிர்ந்து இருக்கின்றன. ஒன்றுகூடக் கவிழவில்லை. "உள்ள தலை இருக்கே, திருடுனதை எங்க வைப்பாங்க?" என்று பேச்சி கேட்டாள். வெயிலும் காற்றும் தலைக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். ஆனால் தொங்குகிறவர்கள் ஆடினால் கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்?

ஆழாக்கு மட்டும் தரையில் நிற்கிறாள், நேராக. பாத்திரத்தைத் தலையிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். சிந்துவதெல்லாம் அவள் பாத்திரத்தில் விழுகிறது. ஐந்தாவது ஆளுக்கு என்ன வேலை என்று அந்தப் பெண் கேட்டாள் அல்லவா? இதுதான் வேலை. அவள் இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பக் கொடுக்க ஒரு சிட்டிகைகூட மிஞ்சாது.

முன்நெற்றியில் இரண்டு நரை போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு மட்டும்தான் வயதாகுமா?

நீ அடித்திருந்த வரிகளைப் பேச்சி நேற்று சொல்லிவிட்டாள். "அப்பாவும் நீங்களும்தான் என்னைப் பிள்ளே என்று கூப்பிடுவீர்கள். இரண்டு பேருமே ஒரே மாதத்தில் போய்விட்டீர்கள்" என்று எழுதியிருந்தாயாம். இதை ஏன் அடித்தாய்? இதை மட்டும் எழுதியிருந்தால் நான் மறு பஸ்ஸில் ஏறியிருப்பேனே.

சரி பிள்ளே. மழை ஓய்ந்ததும் பேச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அண்ணாச்சி

*

கரமனை
2.8.2024, வெள்ளிக்கிழமை

அண்ணாச்சி,

படத்தை அஞ்சுவிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொச்சிக்கு ரயிலில். எல்லாரையும்போல அவளும் முதலில் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜை மேல் வைத்தாள். நான் பலகையின் கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேச்சீ, அஞ்சு பேரும் வேணம்" என்றாள். கப்புகள் போயின. ஸ்ட்ராவும் போயிற்று. மரக்கால் மரக்காலாகவே இருப்பார். ஆழாக்கை யாரும் கிளியாக்க மாட்டார்கள் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை நான் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை.

நரையைப் பற்றி: இரண்டு இல்லை, ஏராளம். வந்து பார்த்துவிட்டு மறுபடி வரையுங்கள். மதினிக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் பிடிக்கும் என்பது ஞாபகம் இருக்கிறது. மழை ஓய்கிற வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? குடை இல்லையா உங்கள் ஊரில்?

நீங்கள் படம் அனுப்பிய உறையைக் கவிழ்த்து உதறினேன், எப்போதும்போல அவசரத்தில். மேஜை மேல் ஐந்து புது அரிசி விழுந்தது. கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. இன்று காலை நாலு அரிசியை உலையில் சேர்த்துப் பொங்கிச் சாப்பிட்டோம். ஒன்றை அந்த உறைக்குள்ளேயே திரும்பப் போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

பிள்ளை,
ரத்னா